வளரும் கோப்பைப் பின்தொடர்தல்: ‘டெயில்’ கட்டளை மறுஆக்கங்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வளர்ந்துகொண்டே இருக்கும் ஒரு கோப்பின் இறுதிப் பகுதியைத் திரையில் காட்டி, அதில் புதிதாகச் சேரும் வரிகளையும் தொடர்ந்து காட்டும் கருவி ‘டெயில்’ என்னும் யுனிக்ஸ் கட்டளையாகும். அதன் அடிப்படைச் செயலைச் சில வரி நிரலில் எழுதிவிட முடியும். எனினும் பெர்க்லி, குனு, விண்டோஸ், ரஸ்ட் எனச் சூழல் மாறுந்தோறும் அது மீண்டும் மீண்டும் எழுதப்பட்டுள்ளது. அம்மறுஆக்கங்களை இக்கட்டுரை கால வரிசையில் ஆராய்கிறது. மூலக்கருவி சொல்லாமல் விட்ட எடுகோள்களை அவை வெளிக்கொணர்ந்தன என்பதும், புதிய நுட்பங்கள் வந்த பின்னரும் பழைய வழி நீங்காமல் நிலைத்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: யுனிக்ஸ், டெயில், பதிவுக்கோப்பு, போசிக்ஸ், இயங்குதளம், மறுஆக்கம்

முன்னுரை

கணினி வரலாற்றை எழுதுவோர் பெரிய இயங்குதளங்களுக்கும் நிறுவனங்களுக்கும் தரும் இடத்தைச் சிறு கருவிகளுக்குத் தருவதில்லை. ஆனால் ஓர் இயங்குதளம் கோப்பு, பெயர், காலம் ஆகியவற்றை எவ்வாறு கருதுகிறது என்பதைச் சிறு கருவிகளே தெளிவாகக் காட்டுகின்றன. ஒரு நூல் வேற்றுமொழிக்குப் பெயர்க்கப்படும்போது மூலமொழியார் சொல்லாமலே உணர்ந்துகொண்டவற்றையெல்லாம் பெயர்ப்பாளர் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஒரு கருவியை வேறோர் இயங்குதளத்தில் மீண்டும் எழுதுவோரும் அத்தகைய நிலையிலேயே உள்ளனர்.

டெயில் கட்டளையின் பின்தொடரும் வசதி இதற்குத் தக்க சான்றாகும். வழங்கிக் கணினிகளில் இயங்கும் நிரல்கள் தம் செயல்களையும் பிழைகளையும் பதிவுக்கோப்புகளில் வரிவரியாக எழுதிவருகின்றன. நிருவாகி அக்கோப்பைப் பின்தொடர்ந்து, திரையில் தோன்றும் வரிகளைக் கொண்டு அமைப்பின் நிலையை அறிகிறார். திரையில் புதிய வரி தோன்றாவிடின் பிழை எதுவும் நேரவில்லை என்று கொள்கிறார். அந்த அமைதிக்குக் கருவி தவறான கோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதும் காரணமாகலாம். இவ்விருவகை அமைதியும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். எனவே இக்கருவியின் மறுஆக்கத்தில் நேரும் சிறு பிழையும் பொருட்படுத்தத்தக்கதாகிறது.

தோற்றமும் முதல் எடுகோளும்

டெயில் கட்டளை 1977ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தின் ‘புரோகிராமர்ஸ் வொர்க்பெஞ்ச்’ என்னும் யுனிக்ஸ் வகையில் தோன்றியது. 1979ஆம் ஆண்டு வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலும் இடம்பெற்றது. வளரும் கோப்பைப் பின்தொடர்வதற்கான ‘எஃப்’ என்னும் விருப்பக்குறி, எண்பதுகளின் முதற்பாதிக்குள் பெர்க்லி பல்கலைக்கழக வெளியீடுகளிலும் சிஸ்டம் ஃபைவ் வெளியீடுகளிலும் நிலைபெற்றிருந்தது.

அதன் செயல்முறை மிக எளியது. கோப்பை இறுதி வரை படிக்க வேண்டும். ஒரு நொடி உறங்க வேண்டும். மீண்டும் படிக்க முயல வேண்டும். ஏதேனும் கிடைத்தால் அதைத் திரையில் எழுத வேண்டும். பயனர் நிறுத்தும் வரை இச்சுழற்சி தொடரும்.

இந்த எளிமை யுனிக்ஸின் ஓர் அடிப்படைக் கொள்கையைச் சார்ந்தது. யுனிக்ஸில் ‘கோப்பின் முடிவு’ என்பது கோப்பினுள் எழுதப்பட்ட ஒரு குறியன்று. படிக்க முயன்றபோது பைட்டு எதுவும் கிடைக்கவில்லை என்னும் அந்நேரத்து நிலையே அது. படிப்பவரின் இடம் அப்படியே இருக்கும். பின்னர் யாரேனும் கோப்பில் எழுதினால் அடுத்த முயற்சியில் அது கிடைக்கும். கோப்பை ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றொருவர் தடையின்றிப் படிக்கலாம் என்பதும் அங்கு இயல்பான நடைமுறையாகும். இவ்விரண்டையும் மூலக்கருவி எங்கும் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் அன்று எழவில்லை.

கையேட்டைக் கொண்டு மீண்டும் எழுதுதல்

முதல் மறுஆக்கங்கள் உரிமச் சிக்கலால் பிறந்தன. யுனிக்ஸின் மூலநிரல் ஏடி அண்டு டி நிறுவனத்தின் உரிமத்திற்கு உட்பட்டிருந்தது. அந்நிரல் கலவாத வெளியீடு ஒன்றை உருவாக்க விரும்பிய பெர்க்லி ஆய்வுக் குழுவின் கீத் பாஸ்டிக், வெளியிடப்பட்ட விளக்கங்களை மட்டும் கொண்டு கட்டளைகளை மீண்டும் எழுதித் தருமாறு தன்னார்வலர்களை வேண்டினார். அம்முயற்சியின் பயனாக 1991ஆம் ஆண்டு ‘நெட் 2’ என்னும் வெளியீடு அமைந்தது. பெர்க்லியின் புதிய டெயில் நிரலும் 1991ஆம் ஆண்டின் பதிப்புரிமைக் குறிப்பைத் தாங்கியுள்ளது. எட்வர்ட் ஸே-டியன் வாங் என்பவரின் பங்களிப்பிலிருந்து அது உருவானதாக அதன் தலைப்புக் குறிப்பு தெரிவிக்கிறது.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு அறிவித்த குனு திட்டமும் இவ்வழியையே மேற்கொண்டது. யுனிக்ஸ் மூலநிரலைப் பார்க்கலாகாது. நினைவிலிருந்து எழுத நேர்ந்தாலும் அமைப்பை மாற்றியே எழுத வேண்டும். நீளத்திற்குச் செயற்கையான வரம்பு எதுவும் வைக்கலாகாது என்பன அத்திட்டத்தின் எழுத்து நெறிகளாகும். பழைய டெயில், கோப்பின் இறுதியை நிலையான அளவுள்ள ஒரு நினைவிடத்தில் தேக்கி வைத்தது. அதனால் காட்டக்கூடிய பகுதிக்கு எல்லை இருந்தது. குனு டெயிலில் அவ்வெல்லை நீங்கியது. பால் ரூபின், டேவிட் மெக்கென்சி, இயன் லான்ஸ் டெய்லர், ஜிம் மேயரிங் ஆகியோர் அதன் ஆசிரியர்களாகக் குறிக்கப்படுகின்றனர்.

கையேட்டை மட்டும் பார்த்து எழுதும்போது கையேடு கூறாதவை வேறுபடத் தொடங்குகின்றன. பெர்க்லி டெயில் வரிகளைத் தலைகீழாகக் காட்டும் விருப்பக்குறியைப் பேணியது. குனு டெயில் அதனை ஏற்கவில்லை. அப்பணிக்கு ‘டேக்’ என்னும் தனிக் கட்டளையை வைத்தது. பெயர் ஒன்றாக இருப்பினும் கருவிகள் இரண்டாயின.

போசிக்ஸ் தரமும் அதன் விடுதலும்

வேறுபட்ட யுனிக்ஸ் வகைகளுக்குப் பொதுவான அடித்தளத்தை வகுக்க முயன்ற போசிக்ஸ் தரம், 1992ஆம் ஆண்டு கட்டளைகளுக்கான தன் பகுதியில் டெயிலைச் சேர்த்தது. இறுதிப் பகுதியைத் தேக்கும் நினைவிடம் ஒன்று இருக்குமாயின் அது மிகப்பெரு வரியளவின் பத்து மடங்குக்குக் குறையலாகாது என அது வரையறுத்தது. பின்தொடரும் வசதியையும் கட்டாயமாக்கியது.

பின்தொடர்தலை எவ்வாறு நிகழ்த்த வேண்டும் என்பதைத் தரம் வரையறுக்கவில்லை. ஒரு நொடி உறங்கி மீண்டும் படிக்கும் பழைய சுழற்சியே போதுமானது எனவும், இதனினும் சிறந்த வழி உருவானால் அதனைக் கையாளலாம் எனவும் அதன் காரண விளக்கப் பகுதி குறிப்பிடுகிறது. குழாய் வழியாக உள்ளீடு வரும்போது ‘எஃப்’ விருப்பக்குறியைப் பொருட்படுத்த வேண்டுமா என்பதில் பெர்க்லி மரபும் சிஸ்டம் ஃபைவ் மரபும் வேறுபட்டிருந்தமையையும் அப்பகுதி பதிவுசெய்துள்ளது. பின்வந்த மாற்றங்களுக்கெல்லாம் இடமளித்தது தரத்தின் இந்த விடுதலே எனலாம்.

பெயரா, பொருளா?

பதிவுக்கோப்பு எல்லையின்றி வளர்ந்தால் வட்டு நிரம்பிவிடும். ஆகவே குறிப்பிட்ட கால இடைவெளியில் பழைய கோப்புக்கு வேறு பெயரிட்டு, அதன் முன்னைய பெயரில் புதிய வெற்றுக் கோப்பை உருவாக்கும் வழக்கம் ஏற்பட்டது. பிஎஸ்டி வகைகளில் ‘நியூசிஸ்லாக்’, லினக்ஸில் ‘லாக்ரொடேட்’ ஆகிய கருவிகள் இதனைச் செய்கின்றன. இவ்வழக்கமே டெயிலின் மறைந்திருந்த எடுகோளை வெளிப்படுத்தியது.

யுனிக்ஸில் கோப்பின் பெயர் இடுகுறிப்பெயர் போன்றது. பெயர் அடைவில் உள்ளது. கோப்பு ‘ஐநோடு’ எனப்படும் தனி எண்ணால் அடையாளம் பெறுகிறது. ஒருமுறை திறந்த பின் நிரலுக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. பெயரை மாற்றினாலும் நீக்கினாலும் திறந்தவரிடம் கோப்பு அப்படியே இருக்கும். எனவே நள்ளிரவில் பதிவுக்கோப்பு சுழற்றப்பட்டால், பழைய டெயில் பெயர் மாறிய பழைய கோப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். புதிய வரிகள் புதிய கோப்பில் சேரும். திரை அமைதியாக இருக்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

பயனர் பின்தொடர விரும்புவது பெயரையா, பொருளையா என்னும் வினா இவ்வாறு எழுந்தது. இரண்டும் முறையான தேவைகளே. பெயர் மாறினும் குறிப்பிட்ட ஒரு கோப்பையே இறுதி வரை பார்க்க விரும்புவோர் உண்டு. எக்கோப்பாயினும் அப்பெயரில் உள்ளதைப் பார்க்க விரும்புவோரும் உண்டு. குனு டெயில் இரண்டையும் பயனரின் தெரிவுக்கு விட்டு, பொருளைத் தொடர்வதை இயல்பாகக் கொண்டது. பெயரைத் தொடர்வதற்கும், கோப்பு இல்லாதபோது மீண்டும் முயல்வதற்கும் சேர்த்துப் பேரெழுத்து ‘எஃப்’ வழக்கிற்கு வந்தது. ஃப்ரீபிஎஸ்டியிலும் பேரெழுத்து ‘எஃப்’ உண்டு. அப்பெயருக்குரிய ஐநோடு எண் மாறியதை அறிந்தால் அது கோப்பை மூடி மீண்டும் திறக்கிறது.

கோப்பை வேறிடத்தில் படியெடுத்துவிட்டு மூலத்தை வெறுமையாக்கும் மற்றொரு சுழற்சி முறையும் உண்டு. இதில் ஐநோடு மாறுவதில்லை. அளவு மட்டும் குறைகிறது. அளவு குறைந்ததைக் கண்டே டெயில் இதனை உணர முடியும். வெறுமையான கோப்பு அடுத்த சோதனைக்கு முன்னரே பழைய அளவைத் தாண்டி வளர்ந்துவிட்டால், அளவை மட்டும் ஒப்பிடும் கருவிக்கு நடந்தது தெரியாது. மேலும் படியெடுத்தலுக்கும் வெறுமையாக்கலுக்கும் இடைப்பட்ட சிறு நேரத்தில் எழுதப்பட்டவை இழக்கப்படலாம் என்று லாக்ரொடேட் கையேடே எச்சரிக்கிறது.

வினவலும் அறிவிப்பும்

நொடிக்கொருமுறை கோப்பைச் சோதிப்பது வினவல் முறையாகும். மாற்றம் நிகழும்போது இயங்குதளத்தின் கருவகமே நிரலுக்குத் தெரிவிப்பது அறிவிப்பு முறையாகும். ஜொனாதன் லெமன் உருவாக்கிய ‘கேக்யூ’ என்னும் அறிவிப்பு அமைப்பு 2000ஆம் ஆண்டு ஃப்ரீபிஎஸ்டி 4.1இல் இடம்பெற்றது. ஃப்ரீபிஎஸ்டி டெயில் அதனைப் பயன்படுத்தத் தொடங்கியது. அந்நிரலை அடியொற்றிய மேக் கணினிகளின் டெயிலும் அவ்வழியே செல்கிறது. லினக்ஸில் ‘ஐநோட்டிஃபை’ என்னும் அமைப்பு 2005ஆம் ஆண்டு 2.6.13 பதிப்புக் கருவகத்தில் சேர்ந்தது. 2009ஆம் ஆண்டின் கோர்யூட்டில்ஸ் 7.5 வெளியீட்டில் குனு டெயில் அதனை ஏற்றது.

இம்மாற்றம் வேகத்தை அளித்தது. புதிய சிக்கல்களையும் உடன்கொணர்ந்தது. முதலாவது, ஐநோட்டிஃபை கோப்பைக் கண்காணிக்கும்போது பெயரையன்றிப் பொருளையே கண்காணிக்கிறது. ஆகவே பெயரைத் தொடர வேண்டுமாயின் அப்பெயர் இருக்கும் அடைவையும் கண்காணிக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, கோப்பை இறுதி வரை படித்து முடிப்பதற்கும் கண்காணிப்பைத் தொடங்குவதற்கும் இடையில் வரி ஒன்று எழுதப்பட்டால் அதற்கு அறிவிப்பு வராது. வினவல் முறையில் அவ்வரி அடுத்த நொடியில் தானே கிடைத்துவிடும். அறிவிப்பு முறையிலோ அதற்கெனத் தனி ஏற்பாடு தேவைப்படுகிறது.

மூன்றாவது சிக்கல் எல்லாவற்றினும் பெரியது. வலைப்பின்னல் வழியாகப் பகிரப்படும் கோப்பில் வேறொரு கணினி எழுதுமாயின், அம்மாற்றம் இக்கணினியின் கருவகத்தைக் கடந்து செல்வதில்லை. எனவே ஐநோட்டிஃபை அதனை அறியாது. அறிவிப்பு முறையை ஏற்ற தொடக்க வெளியீட்டில் தொலைக்கோப்புகளின் மாற்றங்கள் கவனிக்கப்படாமல் போயின. நொடிக்கொருமுறை சோதித்த பழைய கருவி கண்டதைப் புதிய கருவி காணவில்லை. பின்வந்த வெளியீடுகள் இதனைத் திருத்தின. கோப்பு எவ்வகைக் கோப்பு முறைமையில் உள்ளது என்பதைக் குனு டெயில் இப்போது முதலில் சோதிக்கிறது. தொலைநிலையாயின் வினவலுக்குத் திரும்புகிறது. தான் அறியாத வகையாயின் அதனைத் தெரிவிக்குமாறு பயனரை வேண்டி, அப்போதும் வினவலுக்கே திரும்புகிறது. கண்காணிப்பு எண்ணிக்கைக்குக் கருவகம் விதித்துள்ள வரம்பு நிரம்பினாலும் இதுவே நிகழ்கிறது. ஃப்ரீபிஎஸ்டி டெயிலும் தொலைக்கோப்புகளுக்கு உறங்கி எழும் பழைய சுழற்சியையே கையாள்கிறது.

விண்டோஸ்: பார்ப்பவரே தடையாதல்

விண்டோஸில் டெயிலுக்கு இணையான கட்டளை தொடக்கத்தில் இல்லை. விண்டோஸ் சர்வர் 2003க்கான துணைக்கருவித் தொகுப்பில் டெயில் என்னும் பெயரிலேயே ஒரு நிரல் வெளிவந்தது. 2006ஆம் ஆண்டின் பவர்ஷெல்லில் கோப்பைப் படிக்கும் கட்டளைக்குக் ‘காத்திரு’ என்னும் பொருளுடைய விருப்பக்குறி இருந்தது. இறுதி வரிகளை மட்டும் கேட்கும் விருப்பக்குறி 2012ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் சேர்ந்தது. இவ்வாறு யுனிக்ஸில் ஒரே கருவியாக இருந்த இரு பணிகள் இங்கு வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தன. காத்திருக்கையில் நொடிக்கொருமுறை கோப்பு சோதிக்கப்படுவதாக அதன் ஆவணம் கூறுகிறது.

யுனிக்ஸ் நிரலை அப்படியே விண்டோஸுக்குக் கொண்டுசென்றோர் மூன்று வேறுபாடுகளை எதிர்கொண்டனர். விண்டோஸில் கோப்பைத் திறக்கும் நிரல், பிறர் அதனைப் படிக்கலாமா, எழுதலாமா, நீக்கலாமா என்பதைத் திறக்கும்போதே அறிவிக்க வேண்டும். சி மொழியின் பொது நூலகம் வழியாகத் திறந்தால் படிக்கவும் எழுதவும் இசைவு கிடைக்கும். நீக்குவதற்கு இசைவு கிடைக்காது. பெயர் மாற்றத்திற்கும் அந்த நீக்க இசைவே தேவைப்படுகிறது. இதன் விளைவு கவனிக்கத்தக்கது: பார்ப்பதற்காக மட்டும் திறந்த டெயில், பதிவுக்கோப்பின் பெயர் மாற்றத்தையே தடுத்துவிடும். யுனிக்ஸில் வெறும் பார்வையாளராக இருந்த கருவி இங்கு, தான் பார்க்கும் அமைப்பின் செயலைக் குலைப்பதாக மாறியது.

இரண்டாவது வேறுபாடு அடையாளம் பற்றியது. யுனிக்ஸில் ஐநோடு எண்ணைத் தரும் அதே நூலகச் செயற்கூறு விண்டோஸில் பொருளற்ற மதிப்பையே தருகிறது. எனவே பெயரைத் தொடரும் வசதி, எல்லாக் கோப்புகளும் ஒன்றே எனக் கருதிவிடக்கூடும். கோப்பின் தனி எண்ணை விண்டோஸுக்கே உரிய வேறு அழைப்பின் வழியாகப் பெற வேண்டியுள்ளது. மூன்றாவதாக, விண்டோஸின் அறிவிப்பு அமைப்பு அடைவைக் கண்காணிப்பது. ஒரு நிரல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதும்போது அடைவில் உள்ள அளவும் நேரமும் உடனே புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகையால் அறிவிப்பு காலந்தாழ்ந்து வரலாம். இங்கும் வினவலே நம்பகமான வழியாக எஞ்சுகிறது.

பைட்டும் எழுத்தும்

இறுதிப் பகுதியை எவ்வளவில் கேட்பது என்பதிலும் ஓர் எடுகோள் இருந்தது. ஓர் எழுத்து ஒரு பைட்டுக்குச் சமம் என்ற காலத்தில் ‘சி’ என்னும் விருப்பக்குறி எழுத்தைக் குறித்தது. போசிக்ஸ் அக்குறியைப் பேணிக்கொண்டு அதன் பொருளைப் பைட்டு என மாற்றியது. ஆங்கிலப் பனுவலில் இவ்வேறுபாடு புலப்படாது. தமிழில் உடனே புலப்படும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொண்டது. ‘கி’ என்னும் உயிர்மெய், ககரத்திற்கும் இகரக் குறிக்கும் சேர்த்து ஆறு பைட்டுகளாகிறது. இறுதி நான்கு பைட்டுகளைக் கேட்டால் ககரத்தின் சிதைந்த ஒரு பகுதியும் தனித்த இகரக் குறியும் கிடைக்கும். வரிக்கணக்கில் கேட்பதே தமிழ்ப் பனுவலுக்குப் பாதுகாப்பானது.

பிற்கால மறுஆக்கங்கள்

சிறு கருவிகளுக்கென அமைந்த ‘பிஸிபாக்ஸ்’ தொகுப்பு டெயிலைக் குறைந்த அளவில் மீண்டும் எழுதியது. சிற்றெழுத்து, பேரெழுத்து ‘எஃப்’ இரண்டையும் ஏற்றாலும் அறிவிப்பு அமைப்பை நாடாமல் உறங்கி எழும் சுழற்சியோடு நின்றது. இதற்கு எதிர்முனையில், ரஸ்ட் மொழியில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய ‘யூயூட்டில்ஸ்’ திட்டம் ஒரே நிரல் எல்லா இயங்குதளங்களிலும் இயங்க வேண்டும் என்பதை நோக்கமாகக் கொண்டது. அதன் டெயில், ஒவ்வொரு தளத்துக்கும் உரிய அறிவிப்பு அமைப்பைப் பொது நூலகம் ஒன்றின் வழியாக அடைகிறது. குனு தொகுப்பின் சோதனைகளையே அத்திட்டம் தன் அளவுகோலாகவும் கொண்டுள்ளது. கையேட்டைப் பார்த்து எழுதிய காலம் மாறி, சோதனைத் தொகுப்பைப் பார்த்து எழுதும் காலம் வந்தது எனலாம். ஆயினும் அறிவிப்பைக் கைவிட்டு வினவலை வலிந்து கோரும் விருப்பக்குறி இப்புதிய டெயிலிலும் இடம்பெற்றுள்ளது.

முடிவுரை

டெயிலின் மறுஆக்க வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, கோப்பின் முடிவு நிலையற்றது, பெயரும் பொருளும் வெவ்வேறு, பார்ப்பவர் எழுதுபவரைத் தடுப்பதில்லை, ஓர் எழுத்து ஒரு பைட்டு என்பன மூலக்கருவி சொல்லாமல் கொண்ட எடுகோள்கள். சூழல் மாறியபோதே அவை எடுகோள்கள் என்பது தெரியவந்தது. இரண்டாவது, பெர்க்லியும் குனுவும் கையேட்டிலிருந்து எழுதின. கையேடு எடுகோள்களைக் கூறாமையால் வேறுபாடுகள் தோன்றின. ஒரு கருவியின் முழு வரையறை அதன் கையேட்டில் மட்டும் அடங்குவதில்லை.

மூன்றாவது, அறிவிப்பு முறை விரைவானது. ஆனால் அது தன் கருவகம் அறிந்ததை மட்டுமே அறியும். வினவல் முறை மந்தமானது. ஆனால் அது எவர் சொல்லையும் நம்பாமல் கோப்பையே சென்று பார்க்கிறது. குனு, ஃப்ரீபிஎஸ்டி, யூயூட்டில்ஸ் ஆகிய மூன்றும் புதிய முறையை முன்வைத்துப் பழைய முறையைப் பின்னே காவலாக வைத்திருப்பதன் காரணம் இதுவே. திரையின் அமைதியை நம்பிச் செயற்படும் ஒருவருக்குச் செய்தி சற்றுத் தாழ்ந்து வருவதால் நேரும் தீங்கு சிறிது. வராமலே போவதால் நேரும் தீங்கு பெரிது. ஒரு நொடி உறங்கி மீண்டும் படிக்கும் அந்தச் சுழற்சி, எண்பதுகள் முதல் இன்று வரை ஏதேனும் ஒரு வடிவில் நிலைத்து வருவதற்கு இதனையே காரணமாகக் கொள்ளலாம்.